பெண்களும் வேலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வளரும் நாடுகளில் பெண்கள் வேலைக்குப் போவது கூடியது, குறைந்தது என்று, 'பங்கேற்பு விகிதம்' என்ற பெயரில் எங்காவது ஒரு புள்ளிவிவரம் வந்தால் போதும், அதே சந்தேகங்கள் மறுபடி வரத் தொடங்கிவிடும். தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துப்போனதால் இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இருக்கின்றன. உதாரணங்களில் இந்தியா அதிகம் வரும், ஏனென்றால் இந்த விஷயத்தில் ஆய்வாளர்களை அதிகம் குழப்பிய நாடுகளில் அதுவும் ஒன்று.

முதலில் இந்தப் பங்கேற்பு விகிதம் என்றால் என்ன? வேலையில் இருக்கும் பெண்களின் எண்ணிக்கைதானே?

அது மட்டும் இல்லை. 15 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களில் வேலை செய்கிறவர்கள், வேலை கிடைக்காமல் தேடிக்கொண்டிருக்கிறவர்கள், இந்த இரண்டு கூட்டத்தையும் சேர்த்தால் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதுதான் கணக்கு. உலக அளவில் பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இதில் வருகிறார்கள். ஆண்களில் நான்கில் மூன்று பேருக்குக் கொஞ்சம் குறைவு.

தேடித் தேடிச் சலித்து ஒரு பெண் தேடுவதையே விட்டுவிட்டால் அவர் கணக்கிலிருந்தே காணாமல் போய்விடுவார். வேலையில்லாதவர் பட்டியலிலும் இருக்க மாட்டார். அதனால் ஒரு நாட்டில் பெண்களின் வேலையின்மை குறைவு என்று யாராவது பெருமையாகச் சொன்னால் உடனே பங்கேற்பு விகிதத்தையும் கேளுங்கள்.

ஏழை நாடு என்றால் பெண்கள் வேலைக்குப் போவது குறைவாகத்தான் இருக்கும், இல்லையா?

பல பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள், ஆனால் நிலைமை அப்படி இல்லை. தான்சானியா, மடகாஸ்கர், மொசாம்பிக் போன்ற நாடுகளில் பங்கேற்பு விகிதம் பல பணக்கார நாடுகளைவிட அதிகம். மிகக் குறைவாக இருப்பது எகிப்து, ஜோர்டான், ஈரான் போன்ற நடுத்தர வருமான நாடுகளில், அங்கே ஐந்தில் ஒரு பெண்கூட வருவதில்லை. பரம ஏழை வீட்டில் சும்மா இருக்க யாருக்கும் வசதி கிடையாது.

நாடு கொஞ்சம் முன்னேறும்போது வேலை வயலைவிட்டு ஆலைக்குப் போகிறது, ஆண்கள் அங்கே போய்விடுகிறார்கள், வீட்டு வருமானம் உயர்கிறது, பெண்கள் பின்வாங்குகிறார்கள். பிறகு படிப்பும் அலுவலக வேலைகளும் பெருகும்போது திரும்பி வருகிறார்கள். வரைபடத்தில் போட்டால் கிண்ணம் மாதிரி இறங்கி ஏறும். அமெரிக்காவின் 200 ஆண்டுக் கணக்கை வைத்து இந்த வடிவத்தைக் காட்டியவர் கிளாடியா கோல்டின், 2023ல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர். ஆனால் இதை எல்லா நாட்டுக்குமான விதியாக எடுத்துக்கொண்டு, காத்திருந்தால் தானாக ஏறிவிடும் என்று உட்கார்ந்திருக்க முடியாது. சில நாடுகள் கிண்ணத்தின் அடியில் பல பத்தாண்டுகளாக அப்படியே கிடக்கின்றன.

எங்கள் பாட்டி, அம்மா எல்லாரும் வயலிலும் மாட்டுக்கொட்டகையிலும் நாள் முழுக்க உழைத்தவர்கள். அவர்கள் கணக்கில் வருவார்களா, மாட்டார்களா?

எல்லாச் சிக்கலும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். விளைச்சலும் பாலும் விற்பனைக்குப் போகிறது என்றால், சம்பளமே வாங்காவிட்டாலும் அவர் குடும்பத் தொழிலின் உதவியாளர், அதாவது தொழிலாளிதான். எல்லாமே வீட்டுத் தேவைக்கு மட்டும் என்றால் கதை வேறு. 2013ல் ஜெனீவாவில் கூடிய உலகத் தொழிலாளர் புள்ளியியல் மாநாடு, கூலிக்கோ லாபத்துக்கோ செய்வது மட்டுமே 'வேலைவாய்ப்பு', சொந்த உபயோகத்துக்கு விளைவிப்பது தனி வகை என்று வரையறையை மாற்றியது. இதைப் பின்பற்றத் தொடங்கிய சில ஆப்பிரிக்க நாடுகளில் வேலையிலிருக்கும் பெண்களின் எண்ணிக்கை சடாரென்று இறங்கியது. வயலில் யாரும் உழைப்பைக் குறைக்கவில்லை, காகிதத்தில் கோடு இடம் மாறியது, அவ்வளவுதான்.

இந்தியாவின் தொழிலாளர் கணக்கெடுப்பில் 92, 93 என்று இரண்டு குறியீடுகள் உண்டு. வீட்டு வேலை மட்டும் செய்பவர் 92. வீட்டு வேலையோடு வீட்டுத் தேவைக்கு விறகு, கீரை, தீவனம் சேகரிப்பது, துணி தைப்பது என்றும் செய்பவர் 93. இரண்டுமே வேலைக்கு வெளியே. இதற்கு நேர்மாறாக, வேறு எதுவும் இல்லாமல் ஆண்டில் 30 நாள் வேலை செய்திருந்தாலே 'துணை வேலை' என்ற பெயரில் ஒருவரை உள்ளே கொண்டுவந்துவிடலாம். அப்புறம், பதில் சொல்பவர் யார் என்பதும் முக்கியம். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் வீட்டுத் தலைவரிடம் கேட்டால் "அவ வீட்டுலதான் இருக்கா" என்பார். அந்த நேரத்தில் அவர் மனைவி களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருப்பார்.

சரி, வீட்டு வேலை வேலையே இல்லையா? அதை ஏன் ஜிடிபியில் சேர்ப்பதில்லை?

ஜிடிபியை, அதாவது நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பை, அளக்க உலக நாடுகள் பின்பற்றும் தேசியக் கணக்கு முறையில் ஒரு வேடிக்கை உண்டு. தண்ணீர் எடுத்து வருவதும் விறகு கொண்டுவருவதும் உற்பத்தி. அந்தத் தண்ணீரையும் விறகையும் வைத்துச் சமைப்பது உற்பத்தி இல்லை. குழந்தை வளர்ப்பு, முதியவர்களைப் பார்த்துக்கொள்வது எல்லாம் வெளியேதான். அதே சமையலைக் கூலிக்கு ஆள் வைத்துச் செய்தால் ஜிடிபி ஏறிவிடும். மெக்சிகோ போன்ற சில நாடுகள் இதற்குத் தனியாகத் துணைக் கணக்கு போடுகின்றன. அங்கே கூலியில்லாத வீட்டு, பராமரிப்பு வேலையின் மதிப்பு ஜிடிபியில் ஏறக்குறைய கால்பங்கு என்று வருகிறது.

இந்தியாவின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் ஒரு நாளில் வீட்டு வேலை செய்த பெண்கள் 81 சதவீதம், ஆண்கள் 26 சதவீதம். செய்த அந்தப் பெண்களுக்கே சராசரியாக 299 நிமிடம், செய்த ஆண்களுக்கு 97 நிமிடம். இதையெல்லாம் ஜிடிபியில் சேர்த்தால் மரியாதை கிடைக்கும் என்கிறார்கள். கிடைக்கட்டும். ஆனால் மரியாதையால் அந்த ஐந்து மணி நேரத்தில் ஒரு நிமிடமும் குறையாது, கைக்குக் காசும் வராது. குழாயில் தண்ணீரும் வீட்டில் மின்சாரமும் வந்தால் குறையும். தென்னாப்பிரிக்காவில் குவாசுலு-நட்டால் கிராமங்களுக்கு மின்சாரம் போனபோது வேலைக்குப் போகும் பெண்களின் விகிதம் சுமார் 9 புள்ளிகள் ஏறியதை ஓர் ஆய்வு காட்டியது.

பெண்கள் நன்றாகப் படிக்கிறார்கள், ஆனால் வேலைக்குப் போவது குறைந்தது என்கிறார்களே, அது எப்படி முடியும்?

இந்தியாவில் அதுதான் நடந்தது. 2004-05ல் 40க்கு மேல் இருந்த விகிதம் 2017-18ல் 23.3க்கு வந்தது. ஒரு பகுதி நல்ல காரணம், 15 முதல் 20 வயதுப் பெண்கள் கூலி வேலையை விட்டுப் பள்ளி, கல்லூரியில் இருந்தார்கள். ஆனால் 30, 40 வயதுப் பெண்களிடமும் கிராமங்களில் சரிவு இருந்ததே, அதற்குப் படிப்பு காரணமாக முடியாது. நடவு, களை, அறுவடை எல்லாவற்றிலும் இயந்திரம் வந்தது, பெண்கள் செய்த வேலைகள்தான் முதலில் போயின. அவற்றுக்கு ஈடாகப் பக்கத்தில் வேறு வேலை வரவில்லை. கணக்கெடுப்பில் விடுபட்டவர்களும் உண்டு, அதை மேலே பாட்டி கேள்வியில் பார்த்தோம்.

இன்னொன்று, பத்தாவது பன்னிரண்டாவது வரை படித்த பெண்கள்தான் பல இடங்களில் மிகவும் குறைவாக வேலையில் இருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் கூலிக்குப் போகிறார், பட்டம் பெற்றவர்களில் ஒரு பகுதியினர் ஆசிரியராகவோ செவிலியராகவோ அலுவலகத்திலோ இடம் பிடிக்கிறார்கள். நடுவில் இருப்பவருக்கு வயலுக்குப் போனால் கௌரவக் குறைச்சல், அலுவலகத்தில் இடமில்லை. ஜோர்டானில் பல்கலைக்கழக மாணவர்களில் பாதிக்கு மேல் பெண்கள், ஆனால் அங்கேயும் வேலைக் கணக்கு எப்படி இருக்கிறது என்று இரண்டாவது கேள்வியிலேயே பார்த்தீர்கள்.

இப்போது இந்தியாவில் 40ஐத் தாண்டிவிட்டதாமே! நல்ல செய்திதானே, ஏன் மூஞ்சியைத் தூக்குகிறீர்கள்?

தாண்டியது உண்மை. 2023-24ல் 41.7. ஆறே ஆண்டில் இவ்வளவு ஏற்றம் சாதாரணம் இல்லை. ஆனால் உள்ளே போய்ப் பாருங்கள். ஏறியதில் பெரும்பகுதி கிராமத்தில், நகரத்தில் நான்கில் ஒரு பெண்ணுக்குச் சற்று மேல்தான். வேலையிலிருக்கும் பெண்களில் சுயதொழில் என்று பதிவானவர்கள் 2017-18ல் பாதிக்குச் சற்று மேல், 2023-24ல் மூன்றில் இரண்டு பங்கு. மாதச் சம்பளக்காரர்கள் 21 சதவீதத்திலிருந்து 16க்குப் பக்கத்தில் இறங்கிவிட்டார்கள். வேலையிலிருக்கும் மொத்தப் பெண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் குடும்பத் தொழிலில் சம்பளமில்லாத உதவியாளர்.

கஷ்ட காலத்தில் வீட்டில் இன்னொரு ஜோடிக் கை இறங்குவதும் இதே எண்ணை ஏற்றும், நல்ல சம்பள வேலை வருவதும் இதே எண்ணை ஏற்றும். அதனால் தலைப்புச் செய்தியில் வரும் ஒற்றை எண்ணைப் பார்த்து நான் சந்தோஷப்படுவதும் இல்லை, அழுவதும் இல்லை. யார் கூலி கொடுக்கிறார், எத்தனை மணி நேரம், கிராமமா நகரமா, இவ்வளவும் தெரிந்த பிறகுதான் பேச முடியும். போன வாரத்தில் ஒரு நாளில் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலும் வாராந்திரக் கணக்கில் ஒருவர் வேலையில் இருப்பவர்தான்.

வீட்டில் இருப்பது அவரவர் விருப்பம். விருப்பப்பட்டு இருப்பவரை ஏன் வெளியே இழுக்க வேண்டும்?

யாரையும் இழுக்க வேண்டாம். ஆனால் விருப்பம் என்று சொல்வதற்கு முன்னால் இன்னொரு வழி திறந்திருக்க வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018ல் வெளியிட்ட கணக்கின்படி, பராமரிப்புப் பொறுப்பால் வேலைக்கு வர முடியாத நிலையில் உலகில் 60 கோடிக்கு மேற்பட்ட பெண்கள். அதே காரணத்தைச் சொன்ன ஆண்கள் 4 கோடிச் சொச்சம். இவ்வளவு வித்தியாசம் தனிப்பட்ட விருப்பத்தால் மட்டும் வருமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கம் கலாச்சாரம் அப்படி, குடும்பம் சம்மதிக்காது. அதை யாராலும் மாற்ற முடியாதே?

குடும்பம் தடுப்பது பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் 'கலாச்சாரம்' என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன். டெல்லியிலிருந்து தள்ளி இருக்கும் கிராமங்களில் சிலவற்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, கால் சென்டர் போன்ற வேலைகளுக்குப் பெண்களைச் சேர்க்கும் ஆட்களை மூன்று ஆண்டுகள் அனுப்பினார்கள். போதனை, பிரச்சாரம் எதுவும் இல்லை, வேலை இருக்கிறது என்ற தகவல் மட்டும். அந்தக் கிராமங்களில் இளம்பெண்கள் அதிகமாக வேலைக்குப் போனார்கள், கல்யாணத்தையும் குழந்தைப்பேற்றையும் தள்ளிப்போட்டார்கள். கலாச்சாரம் அதேதான்.

இரண்டாவது சவூதியில் நடந்தது. ரியாத்தில் இளம் கணவர்களிடம் தனித்தனியாகக் கேட்டபோது பெண்கள் வெளியே வேலைக்குப் போகலாம் என்று பெரும்பாலானோர் சொன்னார்கள். ஆனால் மற்றவர்கள் அதை எதிர்ப்பார்கள் என்றும் நினைத்திருந்தார்கள். உண்மையில் மற்றவர்களும் ஆதரிக்கிறார்கள் என்று காட்டியதும், மனைவியின் பெயரை வேலை தேடித்தரும் சேவையில் பதிவு செய்தவர்கள் கூடினார்கள். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று நாலு பேரும் பயந்துகொண்டிருந்திருக்கிறார்கள்!

பெண்கள் எல்லாரும் வேலைக்கு வந்துவிட்டால் ஆண்களுக்கு வேலை எங்கே இருக்கும்?

வேலைகளின் எண்ணிக்கை எங்கேயும் எழுதிவைத்துப் பூட்டப்பட்டதில்லை. சம்பாதிக்கும் பெண் செலவும் செய்கிறார், அந்தச் செலவு இன்னொருவருக்கு வேலை. ஒரு குறிப்பிட்ட ஆலையில், ஒரு குறிப்பிட்ட வருடத்தில் போட்டி இருக்கலாம், அதை மறுக்கவில்லை. நாடு முழுக்க, நீண்ட காலத்தில் பார்த்தால் இந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை.

ஆயத்த ஆடை ஆலையில் தைப்பதெல்லாம் சுரண்டல்தானே? அதற்கு வீட்டிலேயே இருக்கலாமே?

பங்களாதேஷில் ஆடைத் தொழிலில் சுமார் 40 லட்சம் பேர், பெரும்பாலும் பெண்கள். 2013 ஏப்ரல் 24ல் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்திருந்தும் வேலைக்கு வரச் சொன்னார்கள். அதன் பிறகுதான் தொழிற்சங்கங்களும் வெளிநாட்டு நிறுவனங்களும் சட்டப்படி கட்டுப்படுத்தும் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டன. இது ஒரு பக்கம். மறுபக்கம், ஆலைகளுக்கு அருகே இருக்கும் கிராமங்களில் பெண்பிள்ளைகள் அதிக காலம் பள்ளியில் இருந்தார்கள், கல்யாணம் தள்ளிப்போனது. கணக்குத் தெரிந்தால் நல்ல வேலை கிடைக்கும் என்று பெற்றோருக்குக் கண் முன்னால் தெரிந்தது.

எத்தியோப்பியாவில் முடிவு வேறு. ஆலை வேலை கிடைத்தவர்களில் பெரும்பாலானோர் சில மாதங்களிலேயே விட்டுவிட்டார்கள். வருமானம் சில்லறை வியாபாரத்தைவிட அதிகமாக இல்லை, உடல்நலக் கேடுதான் கூடியது. ஆக, ஆலை வந்தாலே விடுதலை என்று சொல்பவரோடும் நான் ஒத்துப்போவதில்லை, ஆலையே கூடாது என்பவரோடும் ஒத்துப்போவதில்லை. கூலி எவ்வளவு, சங்கம் வைக்க முடியுமா, அவசர வழி பூட்டியிருக்கிறதா, இதைக் கேட்டுவிட்டுத்தான் பேச வேண்டும்.

மகப்பேறு விடுப்பை நீட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை தீருமே?

யார் பணம் கொடுக்கிறார் என்பதைப் பொறுத்தது. இந்தியா 2017ல் 12 வாரத்தை 26 வாரமாக்கியது. அரசுக் காப்பீட்டில் வராத இடங்களில் முழுச் சம்பளமும் முதலாளியின் தலையில். 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைகள் காப்பகமும் அவர் செலவு. சின்ன நிறுவனம் நேர்காணலில் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்பதும், பேசாமல் ஓர் ஆணையே எடுத்துக்கொள்வதும் இங்கிருந்துதான் வருகிறது. செலவைச் சமூகக் காப்பீடோ பொது நிதியோ ஏற்க வேண்டும் என்று 2000ல் வந்த சர்வதேச உடன்படிக்கை சொல்கிறது. வியட்நாமில் ஆறு மாத விடுப்புக்குச் சமூகக் காப்பீட்டு நிதி கொடுக்கிறது. வயலிலும் வீட்டு வேலையிலும் இருக்கும் பெரும்பான்மைக்கு இந்தச் சட்டம் எட்டவே எட்டாது என்பது தனிக் கதை.

என்னைக் கேட்டால் விடுப்பைவிடக் காப்பகம் முக்கியம். விடுப்பு ஆறு மாதத்தில் முடியும், குழந்தைக்கு ஐந்து வயது வரை ஆள் வேண்டும். மெக்சிகோ 2007ல் வேலைக்குப் போகும் தாய்மாருக்காக மானியக் காப்பகங்களைத் தொடங்கி, 2019ல் திட்டத்தை நிறுத்திவிட்டுப் பெற்றோர் கையில் பணமாகக் கொடுத்தது. பணம் கொடுத்தால் போதுமே என்று தோன்றும். ஆனால் தெருவில் காப்பகமே இல்லையென்றால் அந்தப் பணத்தைக் கொண்டுபோய் எங்கே கட்டுவது?

இரவு வேலைக்குப் பெண்கள் வரக்கூடாது என்பது அவர்கள் பாதுகாப்புக்குத்தானே? அதில் என்ன தப்பு?

நோக்கம் அப்படி இருக்கலாம். 1919லேயே இதற்கு ஒரு சர்வதேச உடன்படிக்கை வந்தது. இந்தியாவின் 1948 தொழிற்சாலைச் சட்டம் இரவு 7 முதல் காலை 6 வரை பெண்களைத் தடுத்தது. இப்போது சம்மதத்தோடும் பாதுகாப்பு ஏற்பாடுகளோடும் அனுமதிக்கும் பக்கம் சட்டம் நகர்ந்திருக்கிறது. மூன்று ஷிஃப்ட் ஓடும் ஆலைக்கு இரண்டு ஷிஃப்டுக்கு மட்டும் வரக்கூடியவர் தேவையில்லாத தலைவலி, அதனால் தடை இருந்தால் பகல் வேலையும் போய்விடும். பயம் நிஜமானதுதான். டெல்லியில் பாதுகாப்பான வழித்தடத்துக்காக மாணவிகள் தரத்தில் குறைந்த கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதை ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. ஆனால் பேருந்தும் விளக்கும் காவலும் போட வேண்டிய இடத்தில் தடையைப் போட்டால் விலையைக் கொடுப்பவர் அந்தப் பெண்தான்.

சம்பாதித்து என்ன, சம்பளம் அப்படியே புருஷன் கைக்குப் போகிறது. அப்புறம் வேலைக்குப் போய் என்ன லாபம்?

நியாயமான கேள்வி. மத்தியப் பிரதேசத்தில் ஊரக வேலை உறுதித் திட்டக் கூலியைப் பெண்களின் சொந்த வங்கிக் கணக்கில் போட்டு, கணக்கைப் பயன்படுத்தவும் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். அதற்கு முன் கூலி பெரும்பாலும் கணவர் கணக்கில்தான் விழுந்தது. மாற்றிய பிறகு அந்தப் பெண்கள் அரசுத் திட்டத்தில் மட்டும் இல்லாமல் வெளி வேலைகளுக்கும் அதிகமாகப் போனார்கள். முதலில் குறைவாக வேலைக்குப் போனவர்களிடம்தான் மாற்றம் அதிகம். சும்மா கணக்குத் தொடங்கிக் கொடுத்தால் போதவில்லை, கூலி நேராக அதில் விழ வேண்டியிருந்தது.

சிறுகடன் கொடுத்தால் பெண்கள் தொழில் தொடங்கி எழுந்துவிடுவார்கள் என்றார்களே?

ஆறு நாடுகளில் நடந்த ஆய்வுகளின் முடிவு 2015ல் ஒன்றாக வந்தது. சிலருக்குக் கொஞ்சம் உதவி, வாழ்க்கையைப் புரட்டிப்போடும் மாற்றம் எங்கும் இல்லை. எல்லாருக்கும் வியாபாரம் வராது. கடன் கொடுத்துக் கடைக்காரி ஆக்குவதைவிட மாதச் சம்பளம் தரும் வேலை வருவதைத்தான் பல பெண்கள் விரும்புவார்கள் என்பது என் எண்ணம்.

வீட்டிலேயே பீடி சுற்றுகிறார், ரவிக்கை தைக்கிறார், பீஸ் கணக்கில் கூலி. இவர் சுயதொழிலா, தொழிலாளியா?

கணக்கெடுப்பில் பெரும்பாலும் சுயதொழில் பக்கம் விழுவார். ஆனால் இலையும் தூளும் ஒப்பந்தக்காரர் கொடுக்கிறார், ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று அவர்தான் வைக்கிறார், எண்ணி ஒதுக்கித் தள்ளுவதும் அவர்தான். இதில் 'சுய' எங்கே இருக்கிறது? இந்தியாவின் 1966 பீடித் தொழிலாளர் சட்டம் வீட்டில் சுற்றுபவரையும் தொழிலாளியாகவே ஏற்றுக்கொண்டது. மற்ற வீட்டுவழி வேலைகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1972ல் அகமதாபாத்தில் எலா பட் தொடங்கிய, சுயதொழில் செய்யும் பெண்களுக்கான சேவா அமைப்பைத் தொழிற்சங்கமாகப் பதிவு செய்யப் போனபோது, முதலாளியே இல்லாதவர்களுக்குச் சங்கம் எதற்கு என்று முதலில் மறுத்தார்கள். வாதாடித்தான் பதிவு வாங்கினார்கள். 1996ல் வீட்டுவழித் தொழிலாளருக்கென்று தனிச் சர்வதேச உடன்படிக்கை வந்தது, ஏற்றுக்கொண்ட நாடுகள் மிகக் குறைவு, இந்தியா அதில் இல்லை.

இப்போது ஆப் வழியாக வீடு வீடாகப் போய் அழகுக்கலை வேலை செய்யும் பெண்களும் இதே இடத்தில் நிற்கிறார்கள். ஒப்பந்தத்தில் 'பங்குதாரர்' என்று இருக்கும். விலை யார் வைக்கிறார், வேண்டாம் என்று சொன்னால் கணக்கை முடக்குகிறார்களா, பொருளை யாரிடம் வாங்கச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். மூன்றுக்கும் நிறுவனம் என்றே பதில் வந்தால், என் கணக்கில் அவர் தொழிலாளிதான், காகிதத்தில் என்ன எழுதியிருந்தாலும்.